செத்தவன் சிரிக்கணும்

பஞ்சாபி செத்தாயிற்று. பெங்காலி செத்தாயிற்று. முதுகு மட்டும் தெரிகிற, பெயர்கூட வைக்கப்படாத ஒருத்தன் இருந்தான், அவனையும் இப்போதுதான் எங்கள் பி.டி. மாஸ்டர் குரலில் சாகடித்தேன், விசிலைக் கடித்துக்கொண்டே உயிர் போனால் எப்படி இருக்குமோ அப்படி. ஹெட்ஃபோனுக்குள் பனிமலை வெடித்துக்கொண்டே இருக்கிறது. ஏசி குளிரில் கை மயிரெல்லாம் நட்டுக்கொண்டு நிற்கிறது. வெளியே கோடம்பாக்கத்தில் வெயில் தாரை உருக்குகிறது, நான் இங்கே பனியில் செத்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் ரஃபீக் பாய் கட்டைவிரலைத் தூக்குகிறார், டேக் ஓகே. பக்கத்தில் ஸ்டெல்லா அக்கா, கூட்டத்துக்குக் குரல் கொடுக்க எங்களையெல்லாம் பிடித்து வருகிறவள், பட்டனை அழுத்தி, சிரிச்சியாடா என்கிறாள். சிரிக்கிறேன், பி.டி. மாஸ்டராகவே. இங்கே அது சட்டம். நடிகர்கள் பாடையில் படுத்து எழுந்ததும் கேமராவைப் பார்த்து ஒருதரம் சிரிப்பார்கள் இல்லையா, தோஷம் கழிய, அதேதான். மைக்கில் செத்தவன், எந்தக் குரலில் செத்தானோ அந்தக் குரலிலேயே சிரித்துவிட்டுத்தான் இந்த அறையை விட்டுப் போகவேண்டும். சிரிக்காமல் போன ஒருத்தரை வாசலிலேயே ஆட்டோ இடித்துவிட்டதாக அக்கா சொல்வாள். போன படத்தில் சொன்னபோது அது வேன். இன்னும் கொஞ்ச நாள் போனால் கன்டெய்னர் லாரி ஆகிவிடும். இன்னொரு சட்டமும் இருக்கிறது, அது தோஷம் இல்லை, தொழில். செத்தவன் மூச்சை உள்ளே இழுக்கக்கூடாது. சாவு என்பது வெளியே விடுகிற மூச்சு. விட்டுவிட்டு அப்படியே நிற்கணும், நெஞ்சு எரிந்தாலும், பாய் கை காட்டுகிற வரைக்கும். இழுத்துவிட்டால், பொழைச்சுட்டான்டா பாவி என்று அக்கா கத்துவாள், மறுபடி முதலில் இருந்து சாகணும்.

என் போன் பாயின் மேஜை மேல் கவிழ்ந்து கிடக்கிறது. உள்ளே கொண்டுவரக் கூடாது, அதிர்ந்தால் மைக் பிடித்துக்கொள்ளும். கவிழ்த்து வைத்தது நான்தான். நிமிர்த்தி வைத்திருந்தால் யார் கூப்பிடுகிறார்கள் என்று இங்கிருந்தே தெரிந்துவிடும், தெரியவேண்டாம் என்று கவிழ்த்தேன், கவிழ்த்த பிறகு விளிம்பில் வெளிச்சம் கசிகிறதா என்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேரில் ஒருத்தர்தான் கூப்பிட முடியும். ஒன்று அம்மா, ஆஸ்பத்திரியில் இருந்து, அண்ணிக்குக் காலையில் இருந்தே வலி விட்டுவிட்டு வருகிறது. இன்னொன்று தெரியாத நம்பர், இந்தி கலந்த தமிழில், தாமோதரன் வீடா என்று கேட்கப்போகிற ஒரு குரல். தாமோதரன் என் அண்ணன், தாமு, வடக்கே எல்லையில் ஒரு மலை உச்சிக் காவல் சாவடியில் சிப்பாய். அம்மா பதறிவிடுவாள் என்று வீட்டு நம்பராக அவன் பட்டாளத்தில் கொடுத்திருப்பது என் நம்பரை. அந்தத் தெரியாத ஆளின் குரலை நான் கேட்டதே கிடையாது, ஆனால் அது எனக்கு வந்துவிட்டது, அதுதான் கொடுமை. குளிக்கும்போது, மின்சார ரயிலில் தொங்கும்போது, தானாகத் தொண்டைக்குள் பேசிப் பார்க்கிறது. தாமோதரன் வீடு தானே. நீங்கள் அவருக்கு என்ன ஆகணும். கொஞ்சம் உட்காருங்கள். அந்த உட்காருங்கள்தான் சரியாக வந்திருக்கிறது, மற்றதெல்லாம் சுமார். வாயை இறுக்கி மூடிக்கொள்கிறேன். பாய் அடுத்த துண்டை ஓட்டுகிறார். பீப், பீப், பீப், மூன்றாவதில் வாயைத் திறக்கணும். எவனோ ஒருத்தன் பள்ளத்தில் உருள்கிறான். ஆஆ என்று ரேஷன் கடைக்காரர் குரலில் உருள்கிறேன், பருப்பு வரல, போய்ட்டு அடுத்த வாரம் வா என்று சொல்லுவாரே, அந்த இழுவையில். ஓகே. சிரி. சிரித்தேன்.

போர்ப் படத்துக்கென்று விதிகள் இருக்கின்றன, இத்தனை தரம் செத்தவனுக்குத் தெரியாதா. படையில் ஊருக்கு ஒருத்தன் இருப்பான். பஞ்சாபி நிறையச் சாப்பிடுவான், முதலில் சாவான். பெங்காலி கண்ணாடி போட்டிருப்பான், கண்ணாடி உடைந்தால் அடுத்த ஷாட்டில் அவன் இல்லை. எதிரிக்கு மட்டும் எப்போதும் தொண்டை கட்டியிருக்கும், மிக்ஸியில் கல் விழுந்த மாதிரிச் சிரிப்பான். ஹீரோவுக்கு எத்தனை குண்டு பட்டாலும் வசனம் முடிகிற வரைக்கும் ரத்தம் பொறுமையாகக் காத்திருக்கும். பெயர் இல்லாதவனுக்கு ஒரே குண்டு, ஒரே ஆ, நான்தான் அந்த ஆ. நம்ம ஊர்க்காரன் ஜோக் அடிப்பான், இட்லி என்று ஒருதரமாவது சொல்வான், கடைசியில் எல்லோரையும் அழவைத்துவிட்டுப் போவான். மூலப் படத்தில் அவன் மட்டும் இந்தியைக் கடித்துக் கடித்துப் பேசுவான், அதுதான் காமெடி. தமிழில் டப் பண்ணும்போது எல்லா ஊர்க்காரனும் தமிழ் பேசிவிடுகிறானே, அப்புறம் தமிழன் எப்படித் தனியாகத் தெரிவான், அதற்காக அவனை மதுரைப் பேச்சு பேச வைத்துவிடுவார்கள், என்னங்கண்ணே பனி இப்படிப் பெய்யுது என்று. இதெல்லாம் சிரிக்கிற விதிகள். சிரிக்காத விதிகள் இனிமேல்தான். லீவு கிடைச்சிருச்சு என்று சொன்னவன் ஊர் போய்ச் சேரமாட்டான். சட்டைப் பையில் இருந்து போட்டோ எடுத்துக் காட்டினவன் அந்த ரீல் தாண்டமாட்டான். பெண்டாட்டி மாசமாக இருக்கிறவன், அவனைப் பற்றிப் பேசவே வேண்டாம், எந்தப் படத்திலும் அவன் மலையை விட்டு இறங்கி வந்து நான் பார்த்தது கிடையாது. நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன், திருநின்றவூரில் எங்கள் வீட்டு டிவியில், தாமு பட்டாளத்துக்குப் போன நாளில் இருந்து எந்த மொழியில் போர்ப் படம் போட்டாலும் பார்த்தேன், அவன் இருக்கிற இடம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் பார்த்தேன், சாவு எப்படி வரும் என்று தெரிந்துகொண்டுவிட்டேன்.

கடைசியாக அவன் பேசியபோது மூன்றையும் ஒரே மூச்சில் செய்தான். ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துக்கொண்டு அம்மா, அண்ணி, நான் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். லீவு சாங்ஷன் ஆயிடுச்சு என்றான். ஒன்று. வசு, ஸ்கேன் படத்தை பிரிண்ட் போட்டு எல்லார்கிட்டயும் காட்டிட்டேன், குப்புறப் படுத்திருக்கற ஆமை மாதிரி இருக்காம் என்றான். இரண்டு. அண்ணி வசுமதி வயிற்றில் கை வைத்துக்கொண்டு, போங்க, அப்படியே உங்களை மாதிரிதான் என்று சொன்னாள். மூன்று. விரலை மடக்கி எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் வாய் சும்மா இருக்குமா, என் வாய் என்றைக்கு சும்மா இருந்திருக்கிறது. அந்தப் படங்களில் வருகிற வயசான சுபேதார் குரலில், தொண்டையில் சுருட்டுப் புகையை நிரப்பிக்கொண்டு சொன்னேன், சிப்பாய் தாமோதரன், போட்டோ காட்டாதே, காட்டினவன் எல்லாம் செத்துடுவான். அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அண்ணி என்னைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தாள். போனில் இருந்து சத்தம் வரவில்லை. அப்படியென்றால் தாமு சிரிக்கிறான் என்று அர்த்தம். அவன் சிரிப்பு அப்படித்தான். சத்தமே இருக்காது. தோள் குலுங்கும், முகம் சிவக்கும், கண்ணில் தண்ணீர் வரும், ஆனால் ஒரு பொட்டுச் சத்தம் இருக்காது, அப்புறம் ரொம்ப நேரம் கழித்து, தண்ணீருக்குள் முங்கினவன் மேலே வந்த மாதிரி, ஹ்ஹ்ஹ் என்று ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுப்பான். போனில் அவன் சிரித்தால் அந்த மூச்சு வரும் வரைக்கும் காத்திருக்கவேண்டும். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். லைன் கட்டாகிவிட்டது. அந்த மூச்சு எங்களுக்கு வரவேயில்லை.

பரணி, எங்கடா இருக்க, என்று அக்கா பட்டனை அழுத்துகிறாள். ரெண்டு பேரு விழறாங்க, ஒரே ஷாட்ல, ரெண்டையும் நீயே பண்ணு. பண்ணுகிறேன். ஒருத்தனுக்கு பஸ் கண்டக்டர், ஒருத்தனுக்கு எங்கள் தெரு கோவில் பூசாரி. கண்டக்டர் சாகும்போதுகூட உள்ள போ, உள்ள போ என்கிற மாதிரியே இருக்கிறது, பாய் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார். எனக்கு என்னவோ இது எப்போதும் வரும், கேட்ட குரல் எதுவும் என்னை விட்டுப் போகாது, ஒரு ராத்திரி வந்து திண்ணையில் படுத்துப் போகிற விருந்தாளி மாதிரி இல்லை, வாடகையே கொடுக்காமல் குடும்பத்தோடு குடியேறிவிடும். பள்ளிக்கூட மைக்கில் ஹெட்மாஸ்டராகப் பேசி ஒரு மதியம் முழுக்க லீவு விட்டிருக்கிறேன். ஒருநாள் ஸ்டேஷனில் அந்த அறிவிப்புப் பெண் குரலில், கைகளைக் குவித்து, பயணிகளின் கனிவான கவனத்திற்கு, அரக்கோணம் செல்லும் வண்டி இரண்டாவது நடைமேடைக்கு மாற்றப்பட்டுள்ளது என்று விட்டேன் பாருங்கள், பாதி பிளாட்பாரம் பெட்டி சட்டியோடு படியேறி ஓடியது. தாமு என் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டே, குரங்கே, குரங்கே என்று தோள் குலுங்கினான். அந்தச் சிரிப்பைத்தான் எனக்குச் செய்ய வராது. செய்வதற்கு அதில் ஒன்றுமே இல்லையே. சத்தத்தைப் பிடிக்கலாம், சத்தம் இல்லாததை எதைக் கொண்டு பிடிப்பது.

அந்த லைன் கட்டானதற்கு அப்புறம்தான் டிவியில் வந்தது. எல்லைச் சாவடி மீது தாக்குதல். வீரர்கள் சிலரைக் காணவில்லை, பெயர் விவரம் குடும்பத்தாருக்குத் தெரிவிக்கப்பட்ட பின்னரே வெளியிடப்படும். செய்தி வாசிப்பவர் அதைச் சொன்ன விதம் எனக்குள் அப்படியே இருக்கிறது, பின்னரே என்பதில் அந்த ஏகாரத்தை லேசாக அழுத்தி, காகிதத்தைத் தட்டி அடுக்கிக்கொண்டு, அடுத்து விளையாட்டுச் செய்திகள். தாமு இருக்கிற பக்கம்தான். அம்மா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள், அண்ணி தூக்கத்தில். பெட்டிக்குப் பின்னால் கைவிட்டுக் கேபிளைப் பிடுங்கினேன், முனையில் இருந்த ஊசியை வளைத்தேன். கேபிள்காரன் கட் பண்ணிட்டான்மா என்று அவனைத் திட்டி அவன் குரலிலேயே பதிலும் சொன்னேன், அம்மா சிரித்தாள்கூட. தாமுவின் போன் எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. அண்ணி போனை மடியிலேயே வைத்துக்கொண்டு சோறு பிசைந்தாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. பிள்ளை அசையறதே குறைஞ்ச மாதிரி இருக்கு அத்தை என்று சொன்னாள். அன்று இங்கே வந்து பாயிடம் அவருடைய இன்னொரு போனைக் கேட்டேன், எதுக்கு என்று அவர் கேட்கவில்லை, மாடிப்படி மறைவில் நின்று தாமுவாக ஆனேன். கொஞ்சம் மூக்கடைப்பு, வார்த்தைகளுக்கு நடுவில் நடக்கிறவன் மாதிரி ஒரு இடைவெளி, வசு என்பதில் சு மட்டும் கொஞ்சம் காற்றாக. வந்துவிட்டது. எப்போதும் வந்துவிடும். வேற ஆளோட சிம்ல பேசறேன், சிக்னல் இல்ல, அம்மா, நான் நல்லா இருக்கேன்மா, நீங்க கவலைப்படாதீங்கம்மா, உங்க ஆசீர்வாதம் இருக்கறப்ப எனக்கு என்னம்மா ஆகும். அண்ணியிடம், சாப்பிடு வசு, நமக்காக இல்லன்னாலும் நம்ம குழந்தைக்காக. அன்று இரவு அண்ணி இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டாள். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளையாட்டில் ஜெயித்த மாதிரி ஒரு துள்ளல், ஓங்கி உதைபட்ட மாதிரி ஒரு வலி, இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை. அதற்கப்புறம் அவ்வப்போது பேசிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தரம் பேசும்போதும் அவன் கொஞ்சம் கொஞ்சமாக உண்மையில் இல்லாமல் போகிறான் என்று தோன்றுகிறது. அவன் குரல் இங்கே செலவாகிக்கொண்டிருக்கிறது, அங்கே அவனிடம் மிச்சம் இருக்கிறதா.

இப்போது அவன் வருகிறான். திரையில் அந்தத் தமிழ்ச் சிப்பாய். படத்தில் இவ்வளவு நேரம் ஜோக் அடித்தவன், போட்டோ காட்டினவன். பாறையில் சாய்ந்து கிடக்கிறான், வயிற்றில் சிவப்பு, கேப்டன் மடியில் தலை. இவனுக்குக் குரல் கொடுத்த நடிகருக்கு நேற்று தொண்டை போய்விட்டது, இந்த ஒரு சீன் மட்டும் பாக்கி, படம் நாளைக்குக் கையை விட்டுப் போகணும். நீ பண்ணுடா என்கிறாள் அக்கா. வசனத்தைப் படித்துக் காட்டுகிறாள், கேப்டன், எம்புள்ள பொறந்ததும் சொல்லுங்க, அவங்கப்பன் ஓடி வரலைன்னு, நடந்துதான் வந்துக்கிட்டு இருக்கான்னு. யார் எழுதினார்களோ, நாசமாய்ப் போக. மதுரைப் பேச்சில் ஒருதரம் சாகிறேன். வேணாம் என்கிறாள். தபால்காரர் குரலில் சாகிறேன். டேய், மிமிக்ரி மேடையா இது. ஒரு பழைய வாத்தியார், ஒரு மெக்கானிக், எங்கள் மாமா. ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டே வருகிறது. இத்தனை பேர் உள்ளே குடியிருந்தார்கள், இப்போது கதவைத் தட்டினால் ஒருத்தரும் திறக்கவில்லை. அக்கா கண்ணாடிக்குக் கிட்டே வந்து நின்று, கோபமில்லாமல்தான் சொல்கிறாள், யார் மாதிரியும் வேணாம் பரணி, நம்ம வீட்டுப் பையன் ஒருத்தன் அங்க கிடக்கறான், அவ்வளவுதான். நான் தலையை ஆட்டுகிறேன். வேணாம் அக்கா என்று சொல்ல வாயைத் திறக்கிறேன். பீப் விழுந்துவிட்டது. இரண்டாவது பீப். பனியில் அவன் உதடு பிரிகிறது, என் உதடு பிரிகிறது. கேப்டன், என்று தாமு சொல்கிறான். மூக்கடைப்போடு. வார்த்தைகளுக்கு நடுவில் நடந்துகொண்டு. நிறுத்து, நிறுத்து என்று நான் உள்ளே அலறுகிறேன், அவன் நிறுத்தவில்லை, எம்புள்ள பொறந்ததும் சொல்லுங்க, அவங்கப்பன் ஓடி வரலைன்னு, புள்ள என்கிற இடத்தில் கொஞ்சம் காற்று, நடந்துதான் வந்துக்கிட்டு இருக்கான்னு, அப்புறம் அந்த மூச்சு வெளியே போகிறது, நீளமாக, நான் விடவில்லை, தானாகப் போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, திரையில் கண் நிலைக்கிறது, நான் அப்படியே நிற்கிறேன், நெஞ்சு எரிகிறது, இழுக்கவில்லை, பாய் கையைக் காட்ட மறந்துவிட்டார்.

டேக் ஓகே என்று யாரும் சொல்லவில்லை. அக்கா துப்பட்டாவால் மூக்கைத் துடைக்கிறாள். அப்புறம் பட்டனை அழுத்துகிறாள். சிரி. மைக்கைப் பார்க்கிறேன். எந்தக் குரலில் செத்தானோ அந்தக் குரலில். சிரிடா கண்ணு, சிரிச்சுட்டு வெளிய வா, டீ வந்துடுச்சு. சிரிக்கிறேன். தோளைக் குலுக்குகிறேன், முகத்தைச் சிவக்க வைக்கிறேன், பாய் திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார், ஒண்ணும் வரலியே தம்பி, லெவலே இல்ல. அவருடைய திரையில் சத்தம் ஓடுகிற இடத்தில் ஒரு கோடு மட்டும் நேராகப் போய்க்கொண்டிருக்கிறது. பி.டி. மாஸ்டர் சிரிப்பைப் போட்டுவிட்டு ஓடிவிடலாமா. செத்தது அவன் இல்லையே. ஆட்டோ, வேன், லாரி, எனக்கு இந்தக் கதையெல்லாம் எப்போதும் சிரிப்புத்தான், அக்கா இல்லாதபோது அக்காவின் குரலிலேயே சொல்லிக் காட்டி எல்லோரையும் உருள வைத்திருக்கிறேன், இப்போது என் கால் இந்த அறையை விட்டு நகர மாட்டேன் என்கிறது. சாகவைத்துவிட்டேன். போட்டோ காட்டாதே என்று சொன்னவனும் நான், அவனை அவன் குரலிலேயே சாகவைத்தவனும் நான், ஒரு சிரிப்பு பாக்கி இருக்கிறது, அதுதான் எனக்கு வராது. மேஜை மேல் என் போனின் விளிம்பில் வெளிச்சம் கோடு போட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன், டேய் சிரிக்காம வர்ற, என்று அக்கா கையைப் பிடிக்க வந்தாள், போனைத் திருப்பினேன். அம்மா. தெரியாத நம்பர் இல்லை, அம்மா. அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அண்ணியை உள்ளே கொண்டுபோகப் போகிறார்கள் என்றாள் அம்மா, வலி வந்துவிட்டது, ஆனால் அவள் முக்க மாட்டேன் என்கிறாள், அவரிடம் பேசினால்தான் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள், நர்ஸ் திட்டுகிறாள். அண்ணன் போன் எடுக்கலையேம்மா என்றேன்.

"அது எனக்குத் தெரியும். நீ பேசு. அந்த இன்னொரு நம்பர்ல இருந்து பேசுவியே, அப்படிப் பேசு."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டது யார், நான்தான், என் குரல் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

"மொதத் தடவையே தெரியும். உங்கண்ணன் என்னிக்குடா என்னை நீங்க நாங்கன்னு பேசியிருக்கான். போன எடுத்தா, ம்ம், சொல்லும்பான். ஆசீர்வாதமாம். குரல் அவன்துதான், பேச்சுதான் சினிமாப் பேச்சு."

"அப்பவே ஏம்மா கேக்கல?"

"கேட்டிருந்தா மறுபடி பேசியிருக்க மாட்டியே."

டிவியும் தெரியும் என்றாள், பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டாளாம், அலசின துணியைப் பிழியாமலே கொடியில் போட்டாளாம். அதை ஏதோ கடைக்குப் போய் வந்தது மாதிரிச் சொன்னாள். தகவல் வந்துச்சாடா என்று ஒருதரம் கேட்டாள். வரலம்மா. சரி, வர்றப்ப வரட்டும், இப்ப இவளைப் பாரு. இந்தத் தடவ சினிமா மாதிரி வேணாம். அவன் மாதிரி பேசு. வைத்துவிட்டாள். நிமிர்ந்தால் பாய் அந்த இன்னொரு போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார். வாசல் பக்கம் ஜெனரேட்டர் இரைச்சல். அவர் டப்பிங் அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார், நான் மறுபடி அதே குளிருக்குள், அதே மைக்குக்கு முன்னால். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது, பாய் இன்னும் பதிவை நிறுத்தவில்லை. திரையில் அந்தச் சிப்பாய் கண் நிலைத்தபடி உறைந்து கிடக்கிறான். அண்ணியின் நம்பரை அழுத்துகிறேன், மணி அடிக்கிறது. எடுத்ததும் பின்னால் யாரோ ஒரு பெண் அலறுகிறாள், இரும்புக் கட்டில் கிறீச்சிடுகிறது, அதற்கு நடுவில் அண்ணி, என்னங்க.

ம்ம், சொல்லு, என்கிறேன். அவ்வளவுதான். அவள் சொல்கிறாள். வலிக்குதுங்க. ம்ம். பயமா இருக்கு. ம்ம், இருக்கும். நான் எதையும் சேர்க்கவில்லை, சேர்க்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது, நாக்கு நுனியில் ஆசீர்வாதம், குழந்தை, தேசம் எல்லாம் வந்து முட்டுகிறது, விழுங்குகிறேன். அவள் மூச்சு ஏறி இறங்குகிறது. அப்புறம் கேட்கிறாள், அழுதுகொண்டே, ஆனால் ஏதோ முடிவு பண்ணிக்கொண்டு கேட்கிற மாதிரி.

"தம்பி அன்னிக்குச் சொன்னானே, போட்டோ காட்டாதீங்கன்னு. ஏன் காட்டினீங்க?"

இந்தக் கேள்விக்கு நான் எப்படிப் பதில் சொல்ல. நான் சொல்ல முடியாது. நான் சொல்லவேண்டியதும் இல்லை. அவன் சொல்கிறான்.

"அவன் கிடக்கறான், குரங்கு."

சொன்னதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டேஷனில் காதைத் திருகிக்கொண்டே வந்த அதே சிரிப்பு. தோள் குலுங்குகிறது, நான் குலுக்கவில்லை. முகம் சூடாகிறது, கண்ணில் தண்ணீர் வழிந்து உதட்டில் உப்பாகிறது, சத்தம் இல்லை, ஒரு பொட்டு இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாயின் திரையில் அந்தக் கோடு நேராகப் போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, அக்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்கிறாள். போனில் அண்ணி பேசவில்லை. காத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியே காத்திருக்கிற மாதிரி இருக்கிறது, அம்மா அவள் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நிற்பாள், லைன் கட்டாகவில்லை, இன்னும் கட்டாகவில்லை, நெஞ்சு எரிகிறது, சிரிக்கிறீங்களா என்று அண்ணி மெதுவாகக் கேட்கிறாள். செத்தவன் மூச்சை உள்ளே இழுக்கக்கூடாது. திரையில் கிடக்கிறவனைப் பார்த்துக்கொண்டே, மலையில் இருக்கிற காற்று மொத்தமும் வேண்டும் என்கிற மாதிரி, வாயைத் திறந்து இழுத்தேன்.